ஃபெரொப்டோசிஸ்: இரும்புவழி மடிவு

மார்பகப் புற்றுநோய் பற்றிய ஆய்வுச் செய்திகளில் சில ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் சொல் ஃபெரொப்டோசிஸ். இதைத் தமிழில் எழுத வருகிறவர் ஒலிபெயர்த்துவிட்டுக் கடந்துபோகலாம். இல்லையேல் ‘இரும்புச் சாவு’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிடலாம். முன்னது எதையும் விளக்கவில்லை. பின்னது தவறாக விளக்குகிறது. சாவது இரும்பன்று, உயிரணு. சொல்லின் உறுப்புகளைப் பிரித்துப் பார்த்து, அது குறிக்கும் நிகழ்வையும் தெரிந்துகொண்ட பிறகே தமிழ் நிகரைத் தேடுவது முறை.

‘ஃபெரோ’ என்பது இரும்பைக் குறிக்கும் ‘ஃபெர்ரம்’ என்னும் இலத்தீன் சொல்லின் அடி. ‘ப்டோசிஸ்’ என்பது கிரேக்கம். வீழ்தல் என்பது அதன் பொருள். கண் மருத்துவர்கள் மேலிமை தாழ்ந்து தொங்குவதையும் ப்டோசிஸ் என்றே சொல்கிறார்கள். இலத்தீனையும் கிரேக்கத்தையும் ஒட்டவைத்த கலப்புச் சொல் இது. கிரேக்கத் தூய்மை வேண்டும் என்று யாரேனும் அடம்பிடித்திருந்தால், அம்மொழியில் இரும்பைக் குறிக்கும் ‘சிடெரோஸ்’ என்பதை முன்னே வைத்து வேறொரு சொல்லைக் கட்டியிருக்க வேண்டும். அறிவியல் அதற்காகக் காத்திருக்கவில்லை.

இந்தப் பின்னொட்டு உயிரணு இறப்பைக் குறிக்க வந்ததற்கு ஒரு முன்கதை உண்டு. 1972ஆம் ஆண்டு கெர், வைலி, கரி என்னும் நோயியல் ஆய்வாளர்கள் மூவரும் உயிரணு தன்னைத் தானே ஒழுங்காகக் கலைத்துக்கொண்டு இறக்கும் முறைக்கு ‘அப்போப்டோசிஸ்’ என்று பெயரிட்டார்கள். மலரிலிருந்து இதழும் மரத்திலிருந்து இலையும் உதிர்வதைக் குறிக்கும் இந்தக் கிரேக்கச் சொல்லை அவர்களுக்கு எடுத்துக்கொடுத்தவர் அபர்டீன் பல்கலைக்கழகக் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மக். அதன் பிறகு தெரியவந்த உயிரணு இறப்பு வகைகள் பலவற்றின் பெயர் ‘ப்டோசிஸ்’ என்று முடிவது வழக்கமாகிவிட்டது. உதிர்தல் என்ற உவமை மறைந்து, இறப்பு என்ற பொருள் மட்டும் அந்த ஒட்டில் தங்கிவிட்டது.

ஃபெரொப்டோசிஸ் என்ற பெயர் 2012ஆம் ஆண்டு ‘செல்’ ஆய்விதழில் வெளியான கட்டுரையில் பிறந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பிரென்ட் ஸ்டாக்வெல் குழுவைச் சேர்ந்த ஸ்காட் டிக்சன் அதன் முதல் ஆசிரியர். எராஸ்டின் என்ற வேதிப்பொருள் சில புற்றணுக்களைக் கொல்கிறது என்பது 2003 முதலே தெரிந்திருந்தது. ஆனால் அந்தச் சாவில் அப்போப்டோசிஸுக்கு உரிய அடையாளங்கள் இல்லை. இரும்பைப் பற்றிக்கொள்ளும் டெஃபெராக்சமின் என்ற மருந்தைச் சேர்த்தபோது புற்றணுக்கள் சாகாமல் பிழைத்துக்கொண்டன. அந்த மருந்து, உடலில் இரும்பு மிகுந்துபோனவர்களுக்கு நெடுங்காலமாகத் தரப்பட்டுவருவதுதான். இரும்பைக் கட்டிப்போட்டால் சாவும் நின்றுபோகிறது என்ற இந்த ஒரு கவனிப்பே பெயரின் முன்பாதிக்குக் காரணம்.

நடப்பது என்ன என்பதைச் சமையலறையிலிருந்தே விளக்கலாம். நெடுநாள் திறந்து கிடந்த கடலையெண்ணெயில் காறல் வாடை அடிக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன், எண்ணெயின் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களைத் தாக்கிப் பெராக்சைடுகளாக்குவதால் வரும் வாடை அது. உயிரணுவைச் சுற்றியுள்ள சவ்வும் இத்தகைய கொழுப்புகளால் ஆனதே. உயிரணுவுக்குள் எதனோடும் கட்டுறாமல் திரியும் இரும்பு இந்தப் பெராக்சைடுகளை உடைத்து, கட்டற்ற மூலக்கூறுகளை உண்டாக்கி, தீ பரவுவதுபோல் சேதத்தை அடுத்தடுத்த கொழுப்புகளுக்குக் கடத்துகிறது; சவ்வு கெட்டுக் கிழிய, உயிரணு மடிகிறது. இரும்பும் பெராக்சைடும் சேர்ந்தால் இப்படிப்பட்ட வினை நிகழும் என்பதை வேதியியலாளர் ஹென்றி ஃபென்டன் 1894லேயே எழுதியிருந்தார். எண்ணெயைக் காறாமல் காக்கும் வைட்டமின் ஈ உயிரணுவையும் இந்தச் சாவிலிருந்து காக்கிறது. அதைவிட வலிமையான காவலாக உயிரணுவிலேயே ஜி.பி.எக்ஸ்.4 என்ற நொதி இருக்கிறது. உயிரணு தானே செய்துகொள்ளும் குளுட்டதயோன் என்ற பொருளின் துணையோடு அது பெராக்சைடுகளை அவ்வப்போது செயலிழக்கச் செய்கிறது. எராஸ்டின், குளுட்டதயோன் செய்யத் தேவையான சிஸ்டின் என்ற அமினோ அமிலத்தை உள்ளே வரவிடாமல் தடுத்து, அந்தக் காவலை வெறுங்கையாக்கிவிடுகிறது.

மார்பகப் புற்றுநோய் இந்தக் கதைக்குள் வருவது இரும்பின் வழியாக. வளர்ந்த ஒருவரின் உடலில் உள்ள இரும்பு ஏறத்தாழ 3 முதல் 4 கிராம் வரையே. அதில் மூன்றில் இரு பங்கு ஹீமோகுளோபினில் இருக்கிறது. வேண்டாத இரும்பை முனைந்து வெளியேற்றும் வழி உடலில் இல்லாததால், உள்ளே விடும் வாயிலிலேயே கணக்குப் பார்க்கப்படுகிறது: குடல் நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் வரையே உறிஞ்சுகிறது. குருதியில் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இரும்பைச் சுமந்து செல்கிறது. உயிரணுவின் மேலுள்ள ஏற்பி அதைப் பிடித்து உள்ளே இழுக்கிறது. 24 துணைப் புரதங்களால் ஆன ஃபெரிட்டின் என்ற கூடு 4,500 இரும்பு அணுக்கள் வரை சேமிக்கிறது. எஞ்சியதை ஃபெரோபோர்ட்டின் வெளியே அனுப்புகிறது. கல்லீரலில் சுரக்கும் ஹெப்சிடின் அந்த ஃபெரோபோர்ட்டினை அழித்து வெளிவாயிலை அடைக்கிறது.

மார்பகப் புற்றணு இந்தக் கணக்கைத் தனக்குச் சாதகமாகத் திருத்திக்கொள்கிறது. டி.என்.ஏ.வின் கட்டுமானப் பொருள்களைச் செய்யும் நொதிக்கு இரும்பு தேவை. விடாமல் பிரிந்துகொண்டிருக்கும் உயிரணுவுக்கு அது மிகுதியாகத் தேவை. எனவே உள்ளிழுக்கும் ஏற்பிகள் பெருகுகின்றன, வெளியனுப்பும் ஃபெரோபோர்ட்டின் குறைகிறது. கல்லீரலை எதிர்பாராமல் ஹெப்சிடினையும் புற்றணுவே சுரந்துகொள்கிறது. கட்டியில் ஃபெரோபோர்ட்டினின் மரபணு வெளிப்பாடு குறைந்திருந்த பெண்களுக்கு நோயின் போக்கு மோசமாக இருந்தது என்பதை ஃபிராங்க் டோர்ட்டி, சூசி டோர்ட்டி ஆகியோரின் குழு 2010ஆம் ஆண்டு காட்டியது. குடும்பத்தில் இரும்பைப் பதுக்கிவைக்கும் உறுப்பினர் என்று புற்றணுவைச் சொல்லலாம். ஆனால் பதுக்கியது காறலைத் தூண்டும் பொருள். காவல் நொதி தளர்ந்தால், பெருந்தீனியே அதற்குப் பகையாகிறது.

எல்லா மார்பகப் புற்றுக்கும் இது ஒரே அளவில் பொருந்தாது. ஏ.சி.எஸ்.எல்.4 என்ற நொதி, எளிதில் காறக்கூடிய கொழுப்புகளைச் சவ்வில் சேர்க்கும் வேலையைச் செய்கிறது. அடித்தள வகை மார்பகப் புற்றணுக்களில் இந்த நொதி மிகுந்து காணப்படுவதையும், அவை ஃபெரொப்டோசிஸுக்கு எளிதில் ஆட்படுவதையும் 2017ஆம் ஆண்டின் ஓர் ஆய்வு காட்டியது. இவ்வகையோடு பெரிதும் ஒன்றிவருவது, ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன், ஹெர்2 ஆகிய மூன்று ஏற்பிகளும் காணப்படாத மும்மை எதிர்மப் புற்று. அதற்கு ஹார்மோன் சிகிச்சை பயன்படுவதில்லை. இந்த வழியில் ஆய்வாளர்களுக்கு ஆர்வம் மிகுந்திருப்பதற்கு அது ஒரு காரணம். ஆயினும் இவை பெரும்பாலும் வளர்ப்புத் தட்டிலும் எலியிலும் கண்டவை. உணவிலுள்ள இரும்பைக் கூட்டியோ குறைத்தோ இந்த நிகழ்வைத் தூண்டலாம் என்று இவற்றிலிருந்து முடிவுகட்ட இடமில்லை. குருதிச்சோகைக்காக மருத்துவர் தந்த இரும்பு மாத்திரையைச் செய்தித் தலைப்பைப் படித்துவிட்டு நிறுத்துவது தவறு.

இனித் தமிழ்ச் சொல். ‘வீ’ என்னும் ஓரெழுத்துச் சொல் தமிழில் மலரையும், சிறப்பாக உதிர்ந்த மலரையும் குறிக்கிறது. அதே ஒலியுடைய ‘வீதல்’ அழிதலைக் குறிக்கிறது. விடாமல், ஒழியாமல் என்ற பொருளில் குறள் ஆளும் ‘வீயாது’ இந்த வினையின் எதிர்மறை. கார்மக் கிரேக்கத்தில் தேடி எடுத்த உதிர்தலும் இறத்தலும் தமிழில் ஓரெழுத்துக்குள் அடங்கிக்கிடப்பது வியப்புதான். ஆனால் இன்றைய வாசகருக்கு ‘வீ’ பிடிபடாது. ‘இரும்பு வீவு’ என்று எழுதினால் அச்சுப்பிழை என்று திருத்தப்படும். ‘இரும்புதிர்வு’ அழகாக இருக்கிறது, ஆனால் துருவாகி இரும்பு உதிர்வதாகவே பொருள்படும். ‘இரும்புசார் இறப்பு’ நெருங்கி வருகிறது. எனினும் ‘கல்விசார்’, ‘தொழில்சார்’ என்று எங்கும் ஒட்டி ஒட்டி, ‘தொடர்புடைய’ என்ற அளவுக்கு ‘சார்’ தேய்ந்துவிட்டது. இரும்பு இங்கே வெறும் தொடர்புடையதன்று. அது இல்லாமல் சாவே இல்லை.

எனவே ‘இரும்புவழி மடிவு’ என்று எழுதலாம் என்பது என் கருத்து. அப்போப்டோசிஸைத் ‘தன்மடிவு’ என்று எழுதும் வழக்கம் ஏற்கெனவே இருப்பதால், இரண்டும் ஒரே குடும்பத்துச் சொற்களாக நிற்கும். பயிர் மடிவதையும் படை மடிவதையும் சொல்லிப் பழகிய வினை என்பதால் விளக்கம் தேவைப்படாது. தமிழ்நாட்டுப் பாடநூல் ‘செல்’ என்பதையும் இலங்கைப் பாடநூல் ‘கலம்’ என்பதையும் இந்தச் சொல்லுக்குள் நுழைக்க வேண்டாதது மற்றொரு வசதி. வினையாக ‘இரும்புவழி மடிந்த அணுக்கள்’ என்றும், தூண்டும் மருந்தை ‘இரும்புவழி மடிவூக்கி’ என்றும், தடுப்பதை ‘மடிவுத்தடுப்பி’ என்றும் நீட்டிக்கொள்ளலாம். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ஃபெரொப்டோசிஸ் என்பதையும் பக்கத்தில் வைத்தால் போதும்.