குளிரில் இறுகும் ரப்பர்: குறைந்த செலவில் குளிர்கால டயர்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கார்களில் குளிர்கால டயர் பூட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். பக்கத்து ஒன்டாரியோவில் அந்தக் கட்டாயம் இல்லாததால், டொராண்டோவிலும் மார்க்கம் நகரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் உட்படப் பலருக்கும் நவம்பரில் ஒரு கேள்வி எழுகிறது: காரில் ஏற்கெனவே உள்ள, எல்லாப் பருவத்துக்குமான ஆல் சீசன் டயர் போதாதா? இதற்கான விடை பனியில் தொடங்குவதில்லை, ரப்பரில் தொடங்குகிறது.

ரப்பர் என்பது நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளின் பின்னல். வெப்பம் இருக்கும்வரை அந்தச் சங்கிலிகள் ஓயாமல் நெளிந்துகொண்டிருப்பதால்தான் ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் புகுந்து பிடித்துக்கொள்கிறது. குளிரக் குளிர அந்த அசைவு மந்தமாகி, குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே ரப்பர் கண்ணாடியைப் போல இறுகிவிடும். கோடைக்கால டயர்களுக்கும் அந்த வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழேதான் இருக்கிறது; அப்படியிருக்க, கோடைக்கால, ஆல் சீசன் டயர்களின் பிடிமானம் 7 டிகிரி செல்சியஸிலேயே குறையத் தொடங்குவதாக டயர் நிறுவனங்கள் சொல்வது ஏன்? ஓடும் டயரின் மேற்பரப்பை சாலையின் நுண்மேடுகள் நொடிக்குப் பல ஆயிரம் முறை அழுத்தி விடுவிக்கின்றன. அவ்வளவு வேகத்துக்கு ஈடுகொடுத்து அசையச் சங்கிலிகளுக்கு நேரம் போதாது. ஆகவே வேகமாக உருமாற்றப்படும் ரப்பர், தன் உண்மையான வெப்பநிலையைவிட மிகக் குளிர்ந்த ரப்பராகவே நடந்துகொள்கிறது. கட்டைவிரலால் அழுத்தும்போது மென்மையாகத் தெரியும் டயர் சாலைக்கு விறைப்பாக இருக்கக்கூடும். 7 டிகிரி என்பது ஒரு வழிகாட்டி எண் மட்டுமே. மாற்றம் படிப்படியாகவே நிகழ்கிறது. குளிர்கால டயரில் இன்னும் தாழ்ந்த வெப்பநிலையில் இறுகும் ரப்பர் வகைகளும், கணிசமான அளவு சிலிக்காவும் கலக்கப்படுகின்றன.

பனியும் பனிக்கட்டியும் டயருக்கு இருவேறு சிக்கல்கள். பனி பனியோடு நன்றாக ஒட்டும் என்பதால், டயரின் ஆழமான பள்ளங்களும் மெல்லிய கீறல்களும் பனியை உள்ளே அடைத்துக்கொண்டு, சாலையிலுள்ள பனியை அதைக் கொண்டே பற்றுகின்றன. பனிக்கட்டியின் மேலோ வழுக்கும் மெல்லிய நீர்ப்படலம் உருவாகிறது. கடுங்குளிரைவிட 0 டிகிரியை ஒட்டிய நாட்களில் அது அதிகமாக வழுக்குவதற்கு இதுவே காரணம். பனிக்கட்டியைப் பற்றுவதற்காக ஆணி பதித்த டயர்கள் சாலையை அரைத்துத் தூசு கிளப்பியதால் 1990இல் ஜப்பான் அவற்றைச் சட்டத்தால் கட்டுப்படுத்தியது. அந்தத் தூசுப் பிரச்சினையின் நெருக்கடியில், நீரை உறிஞ்சும் நுண்துளைகள் கொண்ட ரப்பர் அங்கே வளர்ச்சி பெற்றது.

பனிக்கட்டியில் பிடிமானத்தின் அளவான உராய்வுக் குணகம் 0.1 என்று கொண்டால், 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் பிரேக் பிடித்த பின் நிற்க ஏறத்தாழ 98 மீட்டர் வேண்டும்; குணகம் 0.15 ஆனால் ஏறத்தாழ 66 மீட்டர் போதும். நான்கு சக்கர இயக்கம் கிளம்புவதற்கு உதவும், நிறுத்துவதற்கு உதவாது.

வாங்கும்போது டயரின் பக்கச்சுவரில் மூன்று சிகரங்களுக்குள் பனித்துகள் வரைந்த முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; அது பனியில் சோதிக்கப்பட்டதன் அடையாளம். சேற்றையும் பனியையும் குறிக்கும் எம்+எஸ் (M+S) என்ற எழுத்துகள் அத்தகைய சோதனைக்குச் சான்று அல்ல. முத்திரைக்கான சோதனையும் இறுகிய பனியில் இழுவிசையை அளப்பதே என்பதால், பனிக்கட்டியில் பிரேக் பிடிக்கும் திறனைத் தனியாக விசாரிப்பது நல்லது.

செலவைக் குறைக்க நான் முதலில் சொல்வது அளவைக் குறைப்பதைத்தான். 18 அங்குல ரிம்முக்குப் பதிலாக, கார்த் தயாரிப்பாளர் அனுமதித்து பிரேக்கிலும் இடிக்காது என்றால், டயரின் வெளிவிட்டம் மாறாத வகையில் 17 அல்லது 16 அங்குல இரும்பு ரிம் போடலாம். டயரின் விலை இறங்கும். ஒடுங்கிய டயர் சேறான பனியைக் கிழித்துக்கொண்டு செல்லும். தனி ரிம் இருந்தால் ஆண்டுக்கு இரு முறை ரிம்மிலிருந்து டயரைக் கழற்றி மாட்டும் கூலியும் மிச்சம். ஒன்டாரியோவில் 2016 முதல் குளிர்கால டயருக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணத் தள்ளுபடி தர வேண்டும். ஒரு தொகுப்பு ஓடும்போது மற்றது தேயாமல் ஓய்வதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

செலவுக்கு அஞ்சி இரண்டு டயர் மட்டும் மாற்றுவதை நான் உறுதியாக எதிர்க்கிறேன்: முன்னே பிடிமானமும் பின்னே வழுக்கலும் இருந்தால், வளைவில் காரின் பின்பாகம் சுழன்றுவிடும். பழைய டயரிலும் எச்சரிக்கை தேவை. பள்ளம் ஆழமாக இருந்தாலும், ஆண்டுக்கணக்கில் ஆக்சிஜன் பட்ட ரப்பர் இறுகியிருக்கும். நாம் பணம் கொடுப்பதே அந்த மென்மைக்குத்தான். பக்கச்சுவரில் டாட் (DOT) எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் 3522 என்றால், அது 2022ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்த டயர். பழைய உயர்ரகத்தைவிட, முத்திரையுள்ள புதிய நடுத்தர விலை டயரையே குடும்பக் காருக்குப் பரிந்துரைப்பேன். பள்ளம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்ததும் அதன் பனிக்காலப் பணி முடிந்தது.

மாட்டிய பிறகும் காற்றழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி இறங்கும்போதெல்லாம் அழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும். வெதுவெதுப்பான கராஜில் அளந்தால் சரியாகத் தெரியும் டயர், வெளியே −15 டிகிரியில் காற்றுக் குறைந்து ஓடும். ஆகவே வெளியில் நின்று குளிர்ந்த காரிலேயே அளக்க வேண்டும்.