பிராட் பீக்: உச்சி என்று நம்பி நிற்கும் இடம்

காரகோர மலைத்தொடரின் பால்டோரோ பனியாற்றில் ஏறி, பனியாறுகள் கூடும் இடமான கன்கார்டியாவுக்கு வந்தால், உலகின் இரண்டாவது உயரமான சிகரம் கே2-வுக்கு வலப்பக்கம் ஒரு மலை நெடுஞ்சுவர் போல நிற்கும். 1892-இல் அங்கு வந்த ஆங்கிலேய மலையேறி மார்ட்டின் கான்வே அதன் தலைப்பகுதியைக் கவனித்தார். கூராக முடியாமல் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடந்தது. ஆல்ப்ஸின் பிரைட்ஹார்ன் மலையை ஒத்திருந்ததால் ‘பிராட் பீக்’, அதாவது அகன்ற சிகரம் என்று பெயரிட்டார். அந்தப் பகுதியின் பால்டி மொழிப் பெயராகச் சொல்லப்படும் ஃபால்சன் காங்ரி இதன் மொழிபெயர்ப்புதான்; ஊர் மக்கள் வழங்கிவந்த பெயர் அல்ல.

அகன்ற மலை என்றதும் ஏறுவதற்குச் சுலபம் என்று எண்ணிவிட வேண்டாம். இங்கே ஆளை வாட்டுவதே அந்த அகலம்தான். மூன்றாம் முகாம் ஏறக்குறைய 7,000 மீட்டரில். அங்கிருந்து நள்ளிரவுக்கு முன்பின்னாகப் புறப்பட்டு, மணிக்கணக்கில் ஏறி, முகட்டின் தாழ்வான இடமான கணவாயைத் தொட வேண்டும். அதற்கப்புறம் முகட்டின் மேலேயே நடை. முதலில் வருவது சுமார் 8,030 மீட்டரில் உள்ள பாறை உச்சி. உண்மையான உச்சி 8,051 மீட்டர். இடையில் உயர வித்தியாசம் இருபது மீட்டர்தான், ஆனால் நடக்க ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ பிடிக்கும். முகட்டோரத்தில் பனி கூரைத் தாழ்வாரம் போல வெளியே நீண்டிருக்கும். அதன் அடியில் ஒன்றுமில்லை, மிதித்தால் உடையும்.

மேகம் மூடினால் பாறை உச்சியே முடிவு என்று தோன்றும். காற்றழுத்த உயரமானியை நம்ப முடியாது. வானிலை மாறினாலே அதன் அளவு இருபது மீட்டருக்கு மேல் பிசகும். 1957 மே 29 அன்று முதல் முயற்சி பாறை உச்சியோடு நின்றது. ஹெர்மன் பூல், குர்ட் டீம்பெர்கர், மார்கஸ் ஷ்முக், ஃபிரிட்ஸ் வின்டர்ஸ்டெல்லர் நால்வரும் ஜூன் 9 அன்று மீண்டும் ஏறி உண்மையான உச்சியை அடைந்தார்கள். 1988 குளிர்காலத்தில் போலந்தின் மாசியே பெர்பெகாவும் பாறை உச்சியில் நின்று, அதையே உச்சி என்று நம்பித் திரும்பினார். 2013 மார்ச் 5 அன்று உண்மையான உச்சியை எட்டினார், பொழுது சாயும் வேளையில். இறங்கும்போது அவரும் தோமாஸ் கோவால்ஸ்கியும் இறந்தார்கள்.

ஆகவே திரும்பும் நேரத்தைக் கணவாயிலேயே முடிவு செய்யுங்கள். பாறை உச்சிக்குப் போய் யோசித்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஆக்சிஜன் குறைந்த மூளை அங்கே கணக்குப் போடாது. உச்சிக்குப் போக ஒரு மணி நேரம் என்றால், அதே முகட்டில் திரும்பி வரும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். வழியில் சின்னச் சின்ன ஏற்றங்கள் உண்டு. களைத்த காலுக்கு அவை மிகவும் நீளம்.