கையை விட்டாலும் சுற்றும் ஸ்டியரிங்

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவருடைய மச்சானிடம் பழைய நிஸான் செஃபீரோ ஏ31 இருக்கிறதாம். பெரிய தொகை கட்டி, காரை வைத்திருக்க உரிமை தரும் சிஓஇ சான்றிதழைப் புதுப்பித்து வைத்திருக்கிறார். மலேசியாவில் நடக்கப்போகும் டிரிஃப்ட் நிகழ்ச்சிக்கு அதைத் தயார் செய்கிறார்கள். கேள்வி இதுதான்: "வீடியோவில் பார்த்தால், கார் திரும்பும்போது ஓட்டுநர் ஸ்டியரிங்கை விட்டே விடுகிறார். அது தானாக எதிர்ப்பக்கம் சுற்றிச் சரியான இடத்தில் நிற்கிறது. இது கைத்திறமையா, இல்லை உள்ளே ஏதாவது பொறி வைத்திருக்கிறார்களா?"

பொறி இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் அது எல்லாக் காரிலும் இருக்கிறது, நீங்கள் வேலைக்குப் போகும் காரிலும்தான்.

முதலில் டிரிஃப்ட். டயருக்குத் தரையோடு உள்ள பிடிமானத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதைக் காரை முன்னே தள்ளவும் செலவழிக்கலாம், பக்கவாட்டில் தாங்கவும் செலவழிக்கலாம். இரண்டுக்கும் முழுசாகக் கிடைக்காது. பின்சக்கரத்தால் ஓடும் காரில், வளைவில் ஆக்ஸிலரேட்டரை ஏறி மிதித்தால் பின்டயரின் பிடிமானம் எல்லாம் சுழற்சியிலேயே தீர்ந்துபோகும். வால்பகுதி வெளிப்பக்கம் நழுவும். மூக்கு ஒரு திசையைப் பார்க்க, கார் வேறொரு திசையில் போகும். 1970களில் ஜப்பானியப் பந்தய ஓட்டுநர் குனிமிட்சு தகஹாஷி வளைவுகளை இப்படிக் கடந்து பெயர் வாங்கினார். 2000களின் தொடக்கத்தில் அதற்கென்றே போட்டித் தொடர்களும் வந்துவிட்டன.

இப்போது முன்சக்கரத்துக்கு வருவோம். எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

முன்சக்கரம் இடவலமாகத் திரும்புவதற்கு ஓர் அச்சு இருக்கிறது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அது நேர் செங்குத்தாக இருக்காது. அதன் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். இந்தச் சாய்வுக்குக் கேஸ்டர் என்று பெயர். அச்சை மனத்துக்குள் தரைவரை நீட்டிப் பாருங்கள். அது தரையைத் தொடும் புள்ளி, டயர் தரையில் பதிந்திருக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் விழும். ஆக, டயரின் பதிவு எப்போதும் அச்சுக்குப் பின்னால் இழுபட்டுக்கொண்டே வருகிறது. ஃபேர்பிரைஸ் கடைத் தள்ளுவண்டியின் சின்னச் சக்கரங்களை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டியை எந்தப் பக்கம் தள்ளினாலும் அவை தாமாகத் திரும்பி, போகிற திசையிலேயே வரிசைப்பட்டுக்கொள்ளும். அங்கே அச்சு சாயாமல் சக்கரத்தைத் தள்ளி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

எவ்வளவு இழுபடுகிறது என்பதைப் பள்ளிக் கணக்கிலேயே போடலாம். டயரின் ஆரம் 30 செ.மீ., அச்சு சக்கர மையத்தின் வழியாகப் போகிறது என்று வைத்துக்கொண்டு, ஆரத்தைச் சாய்வின் டேன்ஜென்ட்டால் பெருக்குங்கள். கேஸ்டர் 3 பாகை என்றால் சுமார் 16 மி.மீ. 7 பாகை என்றால் சுமார் 37 மி.மீ. சக்கரத்தைத் திருப்பிவிடும் நெம்புகோல் இந்தத் தூரம்தான், அது இரு மடங்குக்கும் மேல் நீண்டுவிட்டது. டயர் ரப்பர் வளைந்து கொடுப்பதாலும் இதே மாதிரி ஒரு திருப்புவிசை கிடைக்கும். ஆனால் டயர் ரொம்பவும் நழுவத் தொடங்கியதும் அது காணாமல் போய்விடும். கேஸ்டர் தருவது வடிவியலால் வருவது, ஆகவே டிரிஃப்டின் நடுவிலும் நிற்கும்.

சரி, கார் நழுவுகிறது. உடம்பு ஒரு நொடிக்குள் 40 பாகை திரும்பிவிட்டது என்று வைப்போம். முன்சக்கரமோ, பதிவு பின்னால் இழுபடுவதால், கார் உண்மையில் போய்க்கொண்டிருக்கும் திசையிலிருந்து விலக மறுக்கிறது. வெளியே நின்று பார்ப்பவருக்குச் சக்கரம் அதே திசையில்தான் இருக்கிறது, கார்தான் அதைச் சுற்றித் திரும்புகிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கோ சக்கரம் 40 பாகை எதிர்ப்பக்கம் திரும்பியதாகத் தெரியும். ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் இடையிலான விகிதம் சுமார் 15க்கு 1. நாற்பதைப் பதினைந்தால் பெருக்கினால் 600 பாகை, அதாவது ஒன்றே முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த நேரத்துக்குள் கையை மாற்றி மாற்றிப் பிடித்து இவ்வளவு சுற்றுவது சாமானியமில்லை. அதனால்தான் ஓட்டுநர் விரல்களைத் தளர்த்தி, வட்டத்தை உள்ளங்கையில் வழுக்கி ஓடவிடுகிறார்.

கைத்திறமை வருவது அடுத்த கணத்தில். முழுக்க விட்டுவிட்டால் சக்கரம் போகிற திசையோடு ஒத்துப்போய்விடும். அப்போது அது பக்கவிசை எதுவும் தராது. வளைவில் தொடர்ந்து திரும்பப் பக்கவிசை வேண்டுமே! அந்தச் சில பாகை வித்தியாசத்தைக் கைதான் பிடித்து வைக்க வேண்டும். பிடிக்கத் தாமதித்தால் சுழன்று வந்த வேகத்தில் ஸ்டியரிங் தாண்டிப் போய்விடும், கார் மறுபக்கம் வெட்டும்.

இதையெல்லாம் ஆராய்ச்சி என்று எடுத்துக்கொண்டு செய்தவர்களும் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1981இல் தயாரான ஒரு பழைய டிலோரியன் காரை மின்காராக மாற்றி, ஓட்டுநர் கை படாமல் டிரிஃப்ட் பண்ண வைத்தார்கள். 'விளையாட்டுக்கா பணம்?' என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அடைமழையில் தீவு விரைவுச்சாலையில் பின்டயர் நழுவும்போது காரின் கணினிக்குத் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு அதேதான். தானோட்டிக் கார்களுக்கு நாமும் செலவழிக்கிறோம். வழுக்கும் தரையில் என்ன செய்வது என்ற கேள்விக்கு அதில் தாராளமாக ஒரு பங்கு போக வேண்டும் என்பது என் கட்சி.

இனி மச்சானின் செஃபீரோ. ஏ31 1988இல் வந்த கார். அதன் முன்பக்கத்தில் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையை முன்னோக்கி இழுத்துப் பிடிக்கும் ஒரு கம்பி உண்டு. டென்ஷன் ராட் என்பார்கள். அதைக் குறுக்கினால் சக்கர அச்சின் கீழ்முனை முன்னே வரும், கேஸ்டர் கூடும். நீளத்தை மாற்றக்கூடிய கம்பிகள் கடையில் கிடைக்கின்றன. ஆனால் வாங்குவதற்கு முன் பழைய கம்பியின் முன்முனையில் இருக்கும் புஷ்ஷைப் பாருங்கள். அது ரப்பருக்குள் திரவம் அடைத்தது. வயதானால் வெடித்து ஒழுகும். காக்கி புக்கிட் பட்டறையில் காரைத் தூக்கினால், கம்பியின் நுனியில் புழுதி ஒட்டிய கறுப்புக் கறை தெரியும். புஷ் செத்திருந்தால் பிரேக் போடும்போது சக்கரமே சில மில்லிமீட்டர் பின்னால் போகும், கேஸ்டரும் கூடவே மாறும். நீங்கள் 7 பாகைக்கு வைத்தது 7 பாகையில் நிற்காது. இந்த ரப்பரைப் பார்க்காமல் டர்போவுக்குப் பணம் கொட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டை ராட் கம்பியின் முனைகளும் அப்படித்தான். முன்சக்கரத்தைத் தூக்கி, கடிகாரத்தில் 3, 9 இருக்கும் இடங்களைப் பிடித்து ஆட்டுங்கள். 'டொக்' என்று ஒரு சத்தம் வந்தால் பெரும்பாலும் டை ராட் தேய்ந்திருக்கிறது. 12, 6 இடங்களில் ஆட்டினால் வருவது பால் ஜாயிண்ட்டாகவோ பேரிங்காகவோ இருக்கும். புறப்படும் முன் கோயிலில் பூசை போட்டு நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைப்பது நம் வழக்கம். வைக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. பழம் வைக்கக் குனிகிறவர் அப்படியே கையை நீட்டி அந்த டை ராட்டையும் ஒருமுறை அசைத்துப் பார்க்கலாம். பழம் அதைக் கவனித்துக்கொள்ளாது.

கேஸ்டர் கூடினால் ஸ்டியரிங் கனக்கும். அப்புறம், எதிர்ப்பக்கம் ஒடிக்கும்போது வளைவின் வெளிப்பக்க முன்சக்கரம் தலையை வெளியே சாய்த்து நிற்கும். அதை ஈடுகட்டத்தான் டிரிஃப்ட் கார்களின் முன்சக்கரங்களை ஆரம்பத்திலேயே உள்ளே சாய்த்து வைக்கிறார்கள். பவர் ஸ்டியரிங் எண்ணெய்க்கும் அன்று நல்ல வேலை. பழைய எண்ணெயை மாற்றி, ஒழுகும் ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள். பம்ப் ஈடுகொடுக்காவிட்டால் மேலே சொன்ன மாயமெல்லாம் பாதிச் சுற்றில் நின்றுவிடும்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்ஜின் அலறும், கார் மெதுவாகப் போகும், காற்றும் ரேடியேட்டருக்கு நேராக வராது. ஆகவே ரேடியேட்டர், கூலன்ட் முதலில். பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகையில் புதியதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரமேறியதற்கு 155 இருந்தால் போதும் என்கிறது தரநிலை. நம் ஊர்ப் புழுக்கத்தில் பல வருடம் கிடந்த திரவத்தை நம்ப வேண்டாம். திரும்பும்போது இரண்டு பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியலை வெல்டிங் வைத்து ஒட்டிவிடலாம், மலிவு என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், இரண்டு பின்சக்கரமும் சேர்ந்தே சுழலும். ஆனால் அதே காரில் வீடு திரும்ப வேண்டுமென்றால் ஒவ்வொரு சந்தியிலும் டயர் கத்தும். வழுக்கல் கட்டுப்படுத்தும் எல்எஸ்டி டிஃபரன்ஷியலுக்கே நான் ஓட்டுப் போடுவேன். எதை மாற்றினாலும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதியைப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். 10 வயது தாண்டிய காருக்கு வருடாவருடம் சோதனை உண்டு.

சிங்கப்பூரில் நிரந்தரப் பந்தயத் தடம் இல்லை. சாங்கியில் கட்டப் போட்ட திட்டமும் கைவிடப்பட்டது. பல மாடிக் கார் நிறுத்தத்தில் ஒத்திகை பார்க்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அது குற்றம். ஒத்திகையும் எல்லைக்கு அப்பால்தான். உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடியில் முக்கால் டாங்க் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பந்தயத் தடம் இருக்கும் செப்பாங்வரை ஏறக்குறைய 300 கிலோமீட்டர் ஓடியபின் டாங்க் பாதிக்கும் கீழே போய்விடும். அவ்வளவு குறைந்த டாங்கோடு பக்கவாட்டாக நழுவினால் பெட்ரோல் ஒரு மூலையில் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சக்கூடும். தடத்தில் இறங்கும் முன் மறுபடி நிரப்பிக்கொள்ளுங்கள். ரான் 97 ரக பெட்ரோல்தான், சிங்கப்பூர் எண் உள்ள காருக்கு அங்கே ரான் 95 போட அனுமதி இல்லை.