மூக்கைக் கழற்றிவிட்டுத் தூங்குங்கள்

புற்றுநோய்க்காக மூக்கை எடுத்தவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் சிலிக்கோன் மூக்கை ஃபெவிக்விக் போட்டு ஒட்டாதீர்கள். இதையெல்லாம் எழுத வேண்டி வரும் என்று நான் நினைக்கவே இல்லை. போன வாரம் பாலக்கோடு பக்கத்திலிருந்து வந்தவர் அப்படித்தான் ஒட்டியிருந்தார். நாங்கள் கொடுத்த பசை தீர்ந்துவிட்டதாம். அதற்காக எதற்குத் தருமபுரி வரை பஸ் செலவு என்று மகன் பெட்டிக்கடையில் வாங்கிக் கொடுத்திருக்கிறான். கழற்றும்போது தோலும் சேர்ந்து வந்தது. கதிர்வீச்சு வாங்கிய தோல், லேசில் ஆறாது.

சரி, அது தெரியாமல் செய்தது. எனக்கு ஆத்திரம் வருவது வேறு விஷயத்தில். செயற்கை மூக்கோ கண்ணோ வைத்தால் அதைக் கழற்றவே கூடாது என்று பலர் நம்புகிறார்கள். "காத்து பட்டா கட்டி திரும்ப வந்துடும்னு சொன்னாங்க டாக்டர்." யார் சொன்னது? பக்கத்து வீட்டு அக்கா! அந்த இடத்தில் காற்று படுவதால் புற்றுநோய் திரும்பி வராது. ராத்திரி முழுக்க மூடியே கிடந்தால்தான் வியர்வையும் சளியும் தேங்கி, தோல் ஊறி, பூஞ்சை பிடித்து நாற்றமெடுக்கும். அந்த இடத்தைத் திறந்து பார்க்க முடிவதுதான் இந்த ஏற்பாட்டில் பெரிய லாபமே. கட்டி மறுபடி தலைகாட்டினால் சீக்கிரம் கண்ணில் படும். கழற்றாமலே இருந்தால் எப்படிப் படும்?

பலருக்கு நிஜக் காரணம் காற்று இல்லை, வீட்டில் பார்த்துவிடுவார்கள் என்பதுதான். புரிகிறது. முதலில் நீங்கள் கண்ணாடியில் பாருங்கள். பழகியதும் வீட்டில் ஒருவருக்காவது காட்டுங்கள். உள்ளே புண் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க இன்னொரு ஆள் வேண்டும்.

கழற்றியதும் செயற்கை மூக்கில் ஒட்டியிருக்கும் பசையை விரலால் உருட்டி எடுத்துவிட்டு, மிதமான சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். டெட்டால், ஸ்பிரிட், மண்ணெண்ணெய் வேண்டாம். மஞ்சள் பூசவே கூடாது, கறை போகாது. மூடியுள்ள டப்பாவில் வையுங்கள், எலியும் நாயும் கடித்த மூக்குகளைப் பார்த்தாகிவிட்டது. விறகடுப்புப் புகையும் வெயிலும் நிறத்தைக் கெடுக்கும். மாங்காய் சீசனில் தோப்பில் நின்று முகம் கறுத்துப்போய், மூக்கு மட்டும் பழைய நிறத்தில் இருப்பது இங்கே சகஜம். எப்படிப் பார்த்தாலும் ஒன்றிரண்டு வருடத்தில் புதிது செய்யத்தான் வேண்டும். "உழைக்கலையே" என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

ஒரு கண்ணை எடுத்தவர்கள் உடனே பைக்கை எடுத்துக்கொண்டு தொப்பூர் கணவாயில் இறங்காதீர்கள். தூரம் பிடிபடாது. படிக்கட்டில் இறங்குவதற்கே பழக நாளாகும்.

ஆறாத புண், ரத்தக் கசிவு, புதுத் தடிப்பு எதைப் பார்த்தாலும் செக்கப் தேதி வரட்டும் என்று காத்திருக்காமல் ஆபரேஷன் செய்த இடத்துக்கே போங்கள். காந்தம் வைத்துப் பொருத்தியது என்றால் எம்.ஆர்.ஐ. (பெரிய காந்தத்தை வைத்து எடுக்கும் ஸ்கேன்) அறைக்குள் போகும் முன்பே சொல்லிவிடுங்கள். மூக்கைக் கழற்றினால் மட்டும் போதாது, எலும்பில் பதித்த திருகின் மேலும் காந்தம் இருக்கலாம்.