‘குறை ஆக்கிரமிப்பு’ என்றொரு கொடுமை

இங்கிலாந்தின் வீட்டுவசதிச் செய்திகளைத் தமிழாக்குகிறவர்கள் ‘அண்டர் ஆக்குபேஷன்’ வந்தால் ‘குறை ஆக்கிரமிப்பு’ என்று எழுதிவிடுகிறார்கள். போன வாரம் மூன்றாவது முறையாகப் படித்தேன். அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

பொருள் எளிது. தேவைக்கு மேல் படுக்கையறை உள்ள வீட்டில் ஒரு குடும்பம் வசிப்பது. தேவைக்கு அங்கே ஓர் அளவுகோல் உண்டு. தம்பதிக்கு ஓர் அறை, 21 வயதோ அதற்கு மேலோ ஆன மற்ற ஒவ்வொருவருக்கும் ஓர் அறை, 10 முதல் 20 வயதுவரை ஒரே பாலினப் பிள்ளைகள் இருவருக்கு ஓர் அறை, பத்து வயதுக்குக் கீழே இருவருக்கு ஓர் அறை. இதற்கு மேல் இரண்டு அறையாவது மிஞ்சினால்தான் இங்கிலாந்து வீட்டுவசதி ஆய்வு அந்தப் பெயரைக் கொடுக்கிறது.

ஆங்கிலச் சொல்லுக்கு வேர் லத்தீனில் ‘கைப்பற்று’. ‘ஆக்கிரமி’ வடமொழி, மேலே காலெடுத்து வைப்பது, பாய்வது. இரண்டும் பிடுங்கிக்கொள்ளும் சொற்கள்தான், சரி. ஆனால் ஆங்கிலச் சொல் சாதுவாகிப் பல காலம் ஆயிற்று. நம்முடையது ஆகவில்லை. மதுரையில் ஆக்கிரமிப்பு என்றால் கண்மாய்க்குள் கட்டிய வீடு, நடைபாதையை விழுங்கிய கடை. 2007-இல் வந்த ஏரிகள் சட்டத்தின் பெயரிலேயே ‘ஆக்கிரமிப்பு அகற்றல்’ இருக்கிறது. கே.கே. நகரில் மூன்று படுக்கையறை வீட்டில் மாமாவும் தானுமாக இருக்கும் என் அத்தையிடம், “உங்க வீடு குறை ஆக்கிரமிப்பாம் அத்தை” என்று சொல்லிப் பார்த்தேன். “முறையாப் பத்திரம் பதிஞ்சு வாங்குன இடம்ப்பா இது, யாரு சொன்னா?” என்று பதறிவிட்டார்.

‘குறை’யும் தவறு. அங்கே குறைவது ஆள்; மிஞ்சுவது அறை. ஆங்கிலம் வீட்டின் பக்கம் நின்று ‘ஆள் போதவில்லை’ என்கிறது. தமிழில் குறை என்றதும் வீட்டில் ஏதோ கோளாறு என்றுதான் படும். ‘காலியறை வீடு’ என்று சிலர் எழுதுகிறார்கள். அத்தை வீட்டு மூன்றாவது அறையை வந்து பார்க்கட்டும்: அண்டா, தையல் மிஷின், மகன் படித்த காலத்துப் புத்தகம், மடக்குக் கட்டில். காலியாம்!

படுக்கையறையைப் ‘பள்ளியறை’ ஆக்கச் சொல்லும் தனித்தமிழ் நண்பர் ஒருவரும் உண்டு. நல்ல சொல்தான். ஆனால் இந்த ஊரில் பள்ளியறை என்றால் ஒன்றுதான். இரவு பூசைக்குச் சொக்கநாதர் அங்கே எழுந்தருளுகிறார். வாடகை விளம்பரத்தில் அதைப் போட முடியுமா?

இத்தனைக்கும் அந்த ‘அண்டர் ஆக்குபேஷ’னின் எதிர்ப்பதத்துக்கு நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது: ஒண்டுக்குடித்தனம். ஒண்டுதல் என்றால் ஒடுங்கி ஒட்டிக்கொண்டு இருப்பது. குடித்தனம் என்பது குடும்பம், அதன் குடியிருப்பு இரண்டையும் சேர்த்தே சொல்லும். ‘அந்தக் காம்பவுண்டில் ஆறு குடித்தனம்’ என்று நாம் எண்ணுவதும் அதை வைத்துத்தான். இங்கிலாந்துக் கணக்கும் குடும்பம் குடும்பமாகத்தான் எண்ணப்படுகிறது. ஆகவே ‘மிகையறைக் குடித்தனம்’ என்கிறேன். ‘தனம்’ தமிழா என்று பள்ளியறை நண்பர் முறைக்கிறார். முறைக்கட்டும்.

அப்புறம் அந்தப் ‘படுக்கையறை வரி’. 2013 ஏப்ரலில் பிரிட்டனில் வந்தது. உள்ளாட்சியோ வீட்டுவசதிச் சங்கமோ விடும் வாடகை வீட்டில் உழைக்கும் வயதில் இருந்து அரசு வாடகை உதவி பெறுகிறவர்களுக்கு, இதில் ஓர் அறை மிஞ்சினாலே வாடகையில் 14 விழுக்காடும், இரண்டோ அதற்கு மேலோ மிஞ்சினால் 25 விழுக்காடும் கழித்துக்கொண்டு மீதிக்கே உதவி. உதவியில் வெட்டு; அதை வரி என்றது எதிர்த்தவர்கள் வைத்த பட்டப்பெயர். விளக்கமில்லாமல் அப்படியே தமிழில் போட்டால், மாநகராட்சி சொத்து வரியில் புதிதாக ஒரு வரி ஏறிவிட்டது என்றுதான் நம்மூரில் படிப்பார்கள். ‘மிகையறைப் பிடித்தம்’ என்றால் விஷயம் விளங்கும். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியை மூடிவிட்டு ஒரு வீட்டு புரோக்கரிடம் பத்து நிமிடம் பேசினாலே பாதிப் பிழை போய்விடும்.

என் சொல்லிலும் ஓர் இடைஞ்சல் உண்டு. அத்தையிடமே சொன்னேன். “மிகையா? சித்திரைத் திருவிழாவுக்கு வந்து பாரு, பட்டாசாலையில கூடப் படுக்க இடம் இருக்காது” என்றார். அவர் சொல்வது சரிதான். ஆனால் அந்த அளவுகோல் விருந்தாளியை எண்ணுவதில்லை. சொல்லுக்கு நீளமும் கொஞ்சம் அதிகம். அட்டவணையில் இடம் பற்றாவிட்டால் ‘மிகையறை’ என்று மட்டும் போட்டுக்கொள்ளலாம்.