100% தேர்ச்சியும் காணாமல் போன பிள்ளைகளும்

சில பள்ளிகள் சுமாராகப் படிக்கும் பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்போடு டிசி கொடுத்து அனுப்பிவிட்டு, மறு வருஷம் ‘பத்தாம் வகுப்பில் 100% தேர்ச்சி’ என்று வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டும். ஃப்ளெக்ஸில் பொய் இல்லை. கணக்கில்தான் ஆளைக் காணோம். உணவு உண்ணும் கோளாறுகளுக்கான சிகிச்சை ஆய்வுகளைப் படிக்கும்போது எனக்கு அந்த ஃப்ளெக்ஸ்தான் நினைவுக்கு வரும்.

சாப்பாட்டைக் குறைத்து உடம்பை உருக்கிக்கொள்ளும் அனோரெக்சியா நெர்வோசா வந்தவருக்கு எடை கூடுவதே பயம். எடையைக் கூட்டத்தான் சிகிச்சை என்றால் அவர் எத்தனை நாள் வருவார்? 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 122 பேரில் 56 பேர் பாதியில் நின்றுவிட்டார்கள். மிஞ்சியவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் சுமாரான சிகிச்சைகூட ஜொலிக்கும். அதனால், யாருக்கு எந்தச் சிகிச்சை என்று குலுக்கல் போட்ட அன்றே பட்டியலை மூடிவிட வேண்டும். நடுவில் போனவரையும் அவரவர் குழுவிலேயே வைத்து எண்ண வேண்டும்.

ஒழுங்காக எண்ணினாலும், ஆள் குறைந்தால் முடிவு ஆட்டம் காணும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூவாக்ஸெடின் மாத்திரையின் கதை அப்படித்தான். எடை தேறிய அனோரெக்சியா நோயாளிகள் 35 பேரை வைத்து நடந்த 2001 ஆய்வில், மாத்திரை எடுத்த 16 பேரில் 10 பேர் ஓராண்டு தாக்குப்பிடித்தார்கள். மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்த 19 பேரில் 3 பேர்தான். அபாரம்! ஆனால் 2006இல் நியூயார்க்கிலும் டொராண்டோவிலும் 93 பேரை வைத்துப் பார்த்தபோது, எடை குறையாமல் ஓராண்டு நின்றவர்கள் மாத்திரைக் குழுவில் 26.5%, போலி மாத்திரைக் குழுவில் 31.5%. (இந்த முறை எல்லோருக்கும் பேச்சுவழிச் சிகிச்சையும் சேர்த்தே கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

பேச்சுவழிச் சிகிச்சையைச் சோதிப்பது இன்னும் சிரமம். மாத்திரைக்குப் போலி செய்யலாம், பேச்சுக்கு எப்படிச் செய்வது? போதாததற்கு, ஆய்வை நடத்துபவரே பல நேரம் அந்தச் சிகிச்சையை உருவாக்கியவர். காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு.

அந்தப் பொன்குஞ்சை உரசிப் பார்த்தவர்கள் கோபன்ஹேகனின் ஸ்டிக் பால்சனும் சுசானே லுன்னும். அளவுமீறி உண்டுவிட்டு வாந்தியெடுக்கும் புலிமியா நோயாளிகள் 70 பேர். ஒரு பாதிக்கு இவர்களுடைய உளப்பகுப்பாய்வுச் சிகிச்சை, இரண்டு ஆண்டு. மறு பாதிக்குச் சிந்தனையையும் பழக்கத்தையும் மாற்றும் சிகிச்சை, ஐந்தே மாதத்தில் 20 அமர்வுகள். அதை உருவாக்கிய ஆக்ஸ்ஃபோர்டின் கிறிஸ்டோபர் ஃபேர்பர்னையும் ஆய்வில் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு ஆண்டு முடிவில் அந்தப் பழக்கத்தை நிறுத்தியிருந்தவர்கள் எதிர்த் தரப்பில் 44%, இவர்கள் தரப்பில் 15%. 2014இல் அதை அப்படியே தங்கள் பெயரில் அச்சிட்டார்கள்.