ஈதோஸ்: பள்ளிக்கூடம் பழகும் விதம்

தில்லி மயூர் விஹாரில் எங்கள் எதிர்வீட்டுப் பாட்டி ஒருநாள் கைபேசியை நீட்டினார். பேரனின் நர்சரியிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு சுற்றறிக்கை. ஆங்கிலத்தில் ஒரு பக்கம், இந்தியில் ஒரு பக்கம். நடுவில் தடித்த எழுத்தில் ‘பாசிட்டிவ் அண்ட் கேரிங் ஈதோஸ்’.

“இந்த ஈதோஸுக்குத் தனியா ஃபீஸ் கட்டணுமாம்மா?”

இல்லை பாட்டி என்றேன். “அப்போ என்னதான் அது?” என்றதும் மாட்டிக்கொண்டேன்.

ஒரு குழுவுக்கோ நிறுவனத்துக்கோ உரிய இயல்பு, அதற்குள் நிலவும் மனப்போக்கு. இன்றைய பொருள் இவ்வளவுதான். சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. அங்கே முதல் எழுத்து நெடில் ‘ஏ’. ஆங்கில வாய் அதை ‘ஈ’ ஆக்கிவிட்டது. அதுவும் நல்லதுதான். ‘ஏதோஸ்’ என்று எழுதியிருந்தால் பாட்டி ‘ஏதோ’ என்று விட்டிருப்பார்.

இந்தச் சொல்லின் பழைய பொருள் குணமல்ல, இடம். விலங்குகள் வழக்கமாகத் தங்கும் இடம். பழங்கிரேக்கக் கவி ஹோமரின் இலியட் காவியத்தில் கட்டை அறுத்துக்கொண்டு ஓடும் குதிரை, தனக்குப் பழக்கமான இடத்தையும் மேய்ச்சலையும் தேடிப் போகும்போது இந்தச் சொல் வருகிறது. அவருடைய ஒடிசியில் பன்றிகளை இரவில் தூங்க அடைக்கும் பட்டிக்கும் இதே சொல்தான். அப்புறம்தான் மனிதரின் குணத்துக்கு மாறியது. ‘எதோஸ்’ என்று குறிலில் தொடங்கினால் பழக்கம், நெடிலில் தொடங்கினால் குணம். பழகிப் பழகித்தான் குணம் அமைகிறது, பெயர்கூட அந்தச் சிறு மாற்றத்தில் வந்ததுதான் என்கிறார் அரிஸ்டாட்டில். அறவியலைக் குறிக்கும் ‘எத்திக்ஸ்’ பிறந்ததும் இந்த வேரிலிருந்துதான்.

நம் ‘பள்ளி’யும் இப்படி ஒரு தங்குமிடம்தான். பள்ளி என்றால் படுக்கை, உறையும் இடம். ஸ்ரீரங்கத்தில் அரங்கன் பள்ளிகொள்கிறார் அல்லவா. சமணத் துறவிகள் தங்கிய பள்ளிகளில் பாடமும் நடந்ததால் படிக்கும் இடத்துக்கு அந்தப் பெயர் நின்றது என்பார்கள். மத்தியானம் பாய் விரித்துத் தூங்கும் நர்சரிப் பிள்ளைகள் இரண்டு சொற்களின் பழம்பொருளையும் காப்பாற்றி வருகிறார்கள்.

சுற்றறிக்கைகளில் புழங்கும் பொருள் பின்னால் வந்தது. ஸ்காட்லாந்தின் பாடத்திட்டத்தில் ‘பள்ளியின் ஈதோஸும் வாழ்க்கையும்’ என்பது பாடங்களுக்கு இணையாக வைக்கப்பட்ட ஒரு பகுதி. அதாவது வரிசையில் நிற்பது, சாப்பிடுவது, சண்டை போட்டுச் சமாதானம் ஆவது எல்லாமே கல்விக் கணக்கில் சேரும். தில்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில் நர்சரி முதல் எட்டாம் வகுப்பு வரை ஒரு ‘ஹேப்பினஸ்’ பீரியட் வந்தது. கண்ணை மூடி அமைதியாக உட்கார்வதில் தொடங்கும் வகுப்பு. நல்ல காரியம்தான். ஆனால் ஈதோஸ் என்று நான் சொல்லுவது மீதி பீரியட்களில் நடப்பதை. அடிக்கக் கூடாது, மனத்தைப் புண்படுத்தக் கூடாது என்று 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் சொல்லிவிட்டது. அடி நின்ற பிறகு என்ன இருக்கிறது என்பதற்குத்தான் இந்தச் சொல் தேவைப்படுகிறது.

சரி, தமிழில் என்ன? பலரும் ‘விழுமியம்’ என்று போடுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. விழுமியம் என்பது ஒருவர் உயர்வாக மதிப்பது. சுவரிலும் எழுதி வைக்கலாம். என் மகன் முதலில் படித்த பள்ளியில் அன்பு, மரியாதை, பொறுப்பு என்று வண்ணத்தில் எழுதியிருந்தது. ஷூவுக்குப் பாலிஷ் போடாமல் போன ஒருநாள், அதற்கு நேர் கீழேதான் அவனை நிறுத்திவைத்திருந்தார்கள். ‘நெறிமுறை’ என்றால் விதிப்புத்தகம் மாதிரி ஆகிவிடும். ‘பண்பு’ கிட்டத்தில் வருகிறது. ‘பண்பெனப்படுவது பாடறிந்து ஒழுகல்’ என்கிறது கலித்தொகை. எதிரில் இருப்பவரின் இயல்பறிந்து நடப்பது. ஆனால் பண்பு என்றதும் நமக்கு ஒரு தனி ஆள்தான் நினைவுக்கு வருகிறார், ஒரு கட்டடம் நிறைய ஆட்கள் அல்ல.

என் ஓட்டு ‘பழகுமுறை’க்கு. பழகிய இடம், பழக்கம், மனிதரோடு பழகுதல் மூன்றும் ‘பழகு’ என்ற ஒரே வினைக்குள் இருக்கின்றன. கிரேக்கச் சொல் முதல் இரண்டைத்தான் வைத்திருந்தது. பள்ளிக்கு வேண்டிய மூன்றாவதைத் தமிழ் சும்மா தருகிறது.

‘கேரிங்’ என்பதற்குப் பரிவு. ஆங்கிலத்தில் ‘கேர்’ என்பதன் பழம்பொருள் துயரம். ‘பரிதல்’ என்பதிலும் வருந்துதல் உண்டு. ‘பாசிட்டிவ்’? கொரோனாவுக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு இன்னும் திக்கென்றுதான் இருக்கிறது. ‘நல்ல’ என்பதே போதும்.

அந்த நர்சரி வாசலை ஜனவரியில் ஒருமுறை பார்த்திருக்கிறேன். மூடுபனியில் ஆட்டோவிலிருந்து இறங்கிய குழந்தை உள்ளே போகமாட்டேன் என்று அழுதது. ஆயா தீதி, அதாவது ஆயா அக்கா, ‘வா’ என்று இழுக்கவில்லை. உட்கார்ந்து, நனைந்த கையுறையைக் கழற்றி, அந்தச் சின்னக் கைகளைத் தன் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். வாசல் காவலாளி அண்ணன் அதுவரை கேட்டைச் சாத்தாமல் நின்றார்.

பாட்டிக்கு ‘பரிவுள்ள நல்ல பழகுமுறை’ என்று எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்து, “இது அந்த ஆயாப் பொண்ணுக்குத் தெரிஞ்சதுதானே, இதுக்கா ஒரு பக்கம்?” என்றார்.